கண்ணாடி உத்தரம்

வீட்டின் கூரையைத் தாங்குவது உத்தரம். தூண்களின்மீதோ சுவர்களின்மீதோ குறுக்கே கிடந்து, மேலிருந்து இறங்கும் சுமையையெல்லாம் தான் ஏற்று, இரு முனைகளின் வாயிலாக அச்சுமையைக் கீழே செலுத்துவது அதன் தொழில். தொன்றுதொட்டு மக்கள் உத்தரத்திற்கு மரத்தையும் கல்லையும் கொண்டனர். பின்னர் இரும்பையும், கம்பியிட்ட கற்காரையையும் கொண்டனர். இவை யாவும் கண்ட அளவிலேயே வலியவை என்று கருதத் தக்கவை. கைதவறி விழுந்தால் நொறுங்கிப்போகும் கண்ணாடியை உத்தரமாக்கி, அதன்மேற் கூரையை ஏற்றி, அக்கூரையின்கீழ் மக்களை அச்சமின்றி நடமாட விடுதல் இயலுமோ எனின், இயலும் என்பதே இக்காலக் கட்டடப் பொறியாளர் தரும் விடையாகும்.

அவ்விடையை அவர்கள் எளிதில் எய்தினாரல்லர். கண்ணாடி எப்போது உடையும் என்பதை மட்டுமன்றி, அது எப்போது நிலைகுலையும் என்பதையும் அவர்கள் ஆராய வேண்டியிருந்தது. உடைதல் வேறு, நிலைகுலைதல் வேறு. உடையாத பொருளும் நிலைகுலைதல் உண்டு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே கண்ணாடி உத்தரத்தின் இயல்பை உணர்ந்தவராவர்.

கட்டடங்களிற் கண்ணாடி நெடுங்காலம் போர்வையாகவே பயன்பட்டது. 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் உலகப் பொருட்காட்சிக்கென ஜோசப் பாக்ஸ்டன் என்பார் பளிங்கு மாளிகை ஒன்றை எழுப்பினார். ஏறத்தாழ 560 மீட்டர் நீளமுடைய அம்மாளிகை கண்டார் கண்ணைக் கவர்ந்தது. ஆயினும் அதனைத் தாங்கி நின்றவை இரும்புத் தூண்களும் இரும்பு உத்தரங்களும் மரச்சட்டங்களுமே. கண்ணாடி அவற்றின்மேல் அமர்ந்து வெயிலை உள்ளே விட்டது. மழையை வெளியே நிறுத்தியது. பிறிதொரு சுமையையும் தாங்கவில்லை. அம்மாளிகை பின்னர் இடம் பெயர்க்கப்பெற்று, 1936 ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. சுமக்கப்படும் பொருளாக இருந்த கண்ணாடி, சுமக்கும் பொருளாக மாறுதற்கு மேலும் பல்லாண்டுகள் சென்றன.

அம்மாற்றத்திற்கு முதற்கண் வேண்டப்பட்டது, மேடுபள்ளமற்ற நல்ல கண்ணாடித் தகடு. மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்துப் பெருந்தீயில் உருக்கினால் கண்ணாடிக் குழம்பு கிடைக்கும். அக்குழம்பை, உருகிய வெள்ளீயம் நிறைந்த ஒரு தொட்டியின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்து நாட்டு அலாஸ்டர் பில்கிங்டன் கண்டார். 1959 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்ட இம்முறையால், தேய்த்து மெருகிடாமலே இருபுறமும் சமமான தகடு பெருவாரியாகக் கிடைக்கலாயிற்று. மிதவைக் கண்ணாடி என்று பெயர்பெற்ற அத்தகட்டை, ஆலைகள் வழக்கமாக ஆறு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையதாக வெட்டி அனுப்புகின்றன. அதனை நீண்ட பட்டைகளாக அறுத்து, ஒரு பட்டையை நெட்டாக நிறுத்தினால், கண்ணாடி உத்தரத்தின் வடிவம் வந்துவிடும். வடிவம் வந்தால் மட்டும் போதுமோ? வலிமை வரவேண்டாவோ?

கண்ணாடி வலிமையற்ற பொருள் என்பது பொதுமக்கள் எண்ணம். அவ்வெண்ணம் பாதியே உண்மை. எப்பொருளையும் இருவகை விசைகள் தாக்கும். ஒன்று, இருபுறமும் நெருக்குகின்ற அமுக்கவிசை. மற்றொன்று, இருபுறமும் ஈர்க்கின்ற இழுவிசை. அமுக்கவிசையைத் தாங்குவதிற் கண்ணாடி கற்காரையினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. இழுவிசை வந்தபோதுதான் அது தோற்கின்றது. அதன் காரணத்தை ஆங்கில அறிஞர் ஏ. ஏ. கிரிபித் என்பவர் 1921 ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வுரையில் விளக்கினார். கண்ணாடியின் மேற்பரப்பிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கீறல்கள் எண்ணிறந்தன உள்ளன. இழுவிசை தாக்குங்கால் அது கீறலின் கூரிய முனையில் வந்து குவிகின்றது, கீறல் வாய்பிளந்து விரைந்தோடுகின்றது, கண்ணாடி பிளவுபடுகின்றது. மிக நுண்ணிய கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்த கிரிபித், இழை மெலிதாக ஆக அதன் வலிமை பெருகுவதைக் கண்டார். ஆகவே, குறை கண்ணாடியின் உடலிலன்று, அதன் தோலிலேதான் உள்ளது என்பது புலனாயிற்று.

தோலில் உள்ள குறைக்கு மருந்தும் தோலிலேயே இடப்பட்டது. கண்ணாடித் தகட்டை 600 பாகை வெப்பத்துக்கு மேற் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சினால், மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் பகுதி பின்னர் மெல்ல ஆறிச் சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பைத் தன்பால் இழுத்து நெருக்கும். அந்நெருக்கத்தினால் மேற்பரப்பிலுள்ள கீறல்கள் யாவும் வாய்மூடிக் கிடக்கும். வெளியிலிருந்து வரும் இழுவிசை, முதலில் அந்நெருக்கத்தை வென்ற பின்னரே கீறலைத் திறக்க இயலும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள், உருகிய கண்ணாடித் துளியை நீரில் வீழ்த்தி, அதன் தலை சம்மட்டி அடிக்கும் உடையாமையையும், வாலை ஒடித்த அளவில் துளி முழுவதும் பொடியாவதையும் கண்டு வியந்தனர். அவ்வியப்பின் உட்பொருள் இதுவே. இங்ஙனம் பதப்படுத்திய கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியினும் ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமை உடையது. சாதாரணக் கண்ணாடியின் வளைவு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 45 நியூட்டன் என்றும், பதப்படுத்தியதன் வலிமையை 120 நியூட்டன் என்றும் ஐரோப்பிய நாட்டு விதிகள் கொள்கின்றன.

எனினும், பதப்படுத்திய கண்ணாடியும் ஒருநாள் உடையக் கூடியதே. உடைந்தால் அது முழுவதும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். இதற்கும் ஒரு வழி காணப்பட்டது. 1903 ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு எதுவார் பெனதிக்தஸ் என்பாருடைய ஆய்வுக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. அது விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. குடுவையில் முன்னொருகால் இருந்த ஒரு கரைசல் உலர்ந்து, உட்புறத்திற் படலமாக ஒட்டிக்கொண்டு, துண்டுகளையெல்லாம் பிடித்து நிறுத்தியிருந்தது என்பர். அக்காட்சியே அடுக்குக் கண்ணாடிக்கு வித்திட்டது. இரண்டு அல்லது மூன்று தகடுகளுக்கிடையே பசைத்தன்மையுள்ள படலத்தை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்குவது அடுக்குக் கண்ணாடி. ஓர் அடுக்கு உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டி நிற்கும். பிற அடுக்குகள் சுமையைத் தாங்கும்.

பதப்படுத்தியதனால் வலிமை வந்தது. அடுக்கியதனால் சிதறாமை வந்தது. இனிக் கண்ணாடி உத்தரத்திற்கு என்ன குறை என்று வினவலாம். குறை உண்டு. அக்குறை முன்னிரண்டினும் நுட்பமானது.

அதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். தடித்த அட்டையிலிருந்து ஒரு முழ நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள கீற்று ஒன்றை வெட்டிக்கொள்க. அதன் ஒரு முனையை மேசையின் விளிம்பிற் கெட்டியாகப் பிடித்து, மறுமுனையை விரலால் அழுத்துக. கீற்றுத் தட்டையாகக் கிடந்தால் உடனே வளைந்துவிடும். அதனையே நெட்டாக நிறுத்தி மேல்விளிம்பில் அழுத்தினால், முதலில் அது அசையாது. தட்டையாகக் கிடந்தபோது தாங்காத சுமையை இப்போது தாங்கும். அழுத்தத்தை மேலும் மேலும் கூட்டினால், ஓர் எல்லையில், அதுவரை நிமிர்ந்து நின்ற கீற்றுத் திடுமெனப் பக்கத்திற் சாய்ந்து, முறுகி, விரலுக்கு இடங்கொடுத்துவிடும். அட்டை கிழியவில்லை, முறியவுமில்லை. ஆயினும் சுமை கீழே இறங்கிவிட்டது. விரலை எடுத்தால் கீற்று மீண்டும் நிமிர்ந்து, ஒன்றும் நிகழாதது போல் நிற்கும். வலிமை குன்றாதபோதே நிலைபேறு குன்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இது நிகழ்வதற்குக் காரணம் யாது? இரு முனைகளிலும் தாங்கப்பெற்ற உத்தரத்தின்மேற் சுமை ஏறும்போது அது சிறிது கீழ்நோக்கி வளைகின்றது. அப்போது மேல்விளிம்பு நெருக்குண்டு குறுகுகின்றது. கீழ்விளிம்பு இழுபட்டு நீளுகின்றது. மெல்லிய குச்சி ஒன்றை இரு முனைகளிலும் நெருக்கினால் அது நேராக நிற்பதில்லை. பக்கத்தில் வில்லாக வளைந்துவிடும். நெருக்குண்ட தூண் இவ்வாறு வளையும் எல்லையை ஆய்லர் என்னும் கணித மேதை 1744 ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். உத்தரத்தின் மேல்விளிம்பும் அக்குச்சியை ஒத்ததே; நெருக்கம் மிகுந்தால் பக்கத்தில் ஓடப் பார்க்கும். கீழ்விளிம்போ, இழுத்துக் கட்டிய கயிறு போல் நேராகவே நிற்க முயலும். மேல்விளிம்பு ஓட, கீழ்விளிம்பு நிற்க, இரண்டிற்கும் இடைப்பட்ட உடல் முறுகுகின்றது. இதனைப் பக்கஞ்சாய் முறுக்கம் என்று கூறலாம்.

இம்முறுக்கத்தின் கணக்கை 1899 ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே கண்டனர். ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வாழ்ந்த மிட்செல் என்னும் பொறியாளர். மற்றவர் செருமனியின் மியூனிக் நகரில் ஆய்வுப் பட்டத்துக்காக உழைத்துக் கொண்டிருந்த லுத்விக் பிராண்டல் என்னும் இளைஞர். உலகின் இரு கோடிகளில் இருந்த இவ்விருவரும், ஒருவர் பணியை மற்றவர் அறியாமலே, ஒரே உண்மையைக் கண்டது வியக்கத் தக்கது. அக்காலத்திற் கண்ணாடி உத்தரம் என்ற பேச்சே எழவில்லை. எனினும் அவர்கள் கண்ட விதி, மெல்லிய உத்தரம் எதற்கும் பொருந்துவதாதலின், ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர்க் கண்ணாடிக்கும் கைகொடுத்தது.

அவ்விதியின் சாரத்தைச் சொற்களாலேயே கூறலாம். மெல்லிய நாற்கோண உத்தரம் ஒன்றை நெடுகிலும் ஒரே அளவாக வளைத்தால், அது பக்கஞ்சாயத் தொடங்கும் எல்லை மூன்று அளவுகளைப் பொறுத்தது. உத்தரத்தின் நீளம் இருமடங்கானால் அவ்வெல்லை பாதியாகக் குறையும். உயரம் இருமடங்கானால் எல்லையும் இருமடங்காகும். தடிப்பு இருமடங்கானாலோ, எல்லை எட்டு மடங்காகும். இதனை வலிமையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முறியாமல் நிற்கும் வலிமை, உயரத்தை இருமடங்காக்கினால் நான்கு மடங்காகும். தடிப்பை இருமடங்காக்கினால் இருமடங்கே ஆகும். ஆகவே, உயரம் வலிமையை வளர்க்கின்றது. தடிப்பு நிலைபேற்றை வளர்க்கின்றது. வலிமை ஒன்றையே நோக்கி உத்தரத்தை உயர்த்திக்கொண்டே செல்பவர், அதனைச் சாய்வுக்கு மேலும் மேலும் அணித்தாகவே கொண்டு செல்கின்றனர்.

இதனினும் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று உண்டு. பக்கஞ்சாயும் எல்லை பொருளின் வலிமையைப் பொறுத்ததன்று. அதன் விறைப்பைப் பொறுத்தது. விறைப்பாவது, வளைத்தலுக்கு எளிதில் இணங்காத தன்மை. கண்ணாடியின் விறைப்பு, எஃகின் விறைப்பில் மூன்றிலொரு பங்கே. கண்ணாடியைப் பதப்படுத்தினால் அதன் வலிமை மூன்று மடங்கை அணுகும் என்று மேலே கண்டோம். ஆனால் அதன் விறைப்பு இம்மியும் கூடுவதில்லை. எனவே, பதப்படுத்திய உத்தரமும் பதப்படுத்தாத உத்தரமும் ஒரே சுமையில் நிலைகுலையத் தலைப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். 4 மீட்டர் நீளமும், 300 மில்லிமீட்டர் உயரமும், 20 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பதப்படுத்திய கண்ணாடி உத்தரம் ஒன்றைக் கொள்க. அதன் இரு முனைகளும் சாயாதவாறு பிடிக்கப்பட்டுள்ளன. இடையில் எப்பிடிப்பும் இல்லை. மேற்கூறிய விதிப்படி கணக்கிட்டால், அதனை முறிப்பதற்கு வேண்டிய வளைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு எட்டுமுன்னரே அது பக்கஞ்சாயத் தொடங்கும். எஞ்சிய மூன்று பங்கு வலிமையும் அவ்வுத்தரத்திற்குப் பயன்படாமலே போகும். சுமை நீங்காதாயின், சாயத் தொடங்கிய கண்ணாடி அட்டைக் கீற்றைப்போல மீண்டு நிமிராது. பக்கத்தில் வளைய வளைய, தகட்டின் ஒரு முகத்தில் இழுவிசை ஏறும். எங்கோ ஒரு கீறல் வாய்திறக்கும். உத்தரம் உடைந்து வீழும்.

அடுக்குக் கண்ணாடியில் இச்சிக்கல் மேலும் வளர்கின்றது. 20 மில்லிமீட்டர் தடிப்பு ஒரே தகடாக அன்றி, 10 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டாக அமைந்துள்ளது எனக் கொள்வோம். இடைப்படலம் இரண்டையும் இறுகப் பிணைத்தால் அவை ஒரே தகடு போல் நிற்கும். படலம் இளகி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமாயின், அவை தனித்தனித் தகடுகளேயாம். தடிப்புப் பாதியானால் எல்லை எட்டிலொரு பங்காகும். அத்தகைய தகடுகள் இரண்டாதலின் நாலிலொரு பங்கு என்று கொள்ளலாம். ஒட்டி நின்றால் நான்கு. ஒட்டாது நின்றால் ஒன்று. ஒரு புத்தகத்தின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது பலகை போல் விறைத்து நிற்பதும், ஒட்டாதபோது துவள்வதும் இதனாலேயே.

நீண்ட காலமாக வழங்கிவரும் பாலிவினைல் பியூட்டிரல் என்னும் இடைப்படலம் குளிரில் விறைப்பாகவும் வெயிலில் இளக்கமாகவும் இருக்கும். நொடிப்பொழுதில் வந்து போகும் காற்றின் மோதலுக்கு அது நன்கு பிணைந்து நிற்கும். வாரக்கணக்கிற் கூரைமேற் கிடக்கும் பனியின் சுமைக்கோ மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். பிற்காலத்திற் செய்யப்பட்ட அயனோமர் என்னும் படலம் அதனினும் பன்மடங்கு விறைப்புடையது. ஆதலின் உத்தரங்களுக்கு அதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆகவே, கண்ணாடி உத்தரத்தைக் கணக்கிடுபவர், சுமை எவ்வளவு என்று வினவுவதோடு அமையாமல், அது எந்தப் பருவத்தில் வருகின்றது, எவ்வளவு காலம் தங்குகின்றது என்றும் வினவ வேண்டியவராகின்றனர்.

கணக்கிற் காணும் உத்தரம் மாசுமறுவற்றது. ஆலையிலிருந்து வரும் உத்தரம் அத்தகையதன்று. உருளைகளின்மேல் ஓடவிட்டுப் பதப்படுத்தும்போது தகடு சிறிது கோணலுறும். முதலிலேயே சற்றுக் கோணிய உத்தரம் சுமை ஏறிய நொடியிலிருந்தே மெல்லச் சாயத் தொடங்கும். எனவே கணக்கிட்ட எல்லையை எட்டுமுன்னரே உடைதலும் கூடும். தடிப்பும் குறித்த அளவினும் சிறிது குறைந்திருத்தல் உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு தடிப்புக் குறைந்தால், நிலைபேறு நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறையும். கணக்கும் நடைமுறையும் எவ்வளவு வேறுபடும் என்பதை அறிய, ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் உண்மையான உத்தரங்களைச் சாய்த்துச் சோதித்தனர். சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் ஆந்திரியாஸ் லூயிபிள் என்பார் 2004 ஆம் ஆண்டு அளித்த ஆய்வேடும், அதனையடுத்துப் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் பல்கலைக் கழகத்தில் யான் பெலிஸ் என்பார் செய்த ஆய்வும் இத்துறையிற் குறிப்பிடத் தக்கவை.

நோயை அறிந்தபின் மருந்து காண்டல் அரிதன்று. முதலாவதாக, உத்தரத்தின் இரு முனைகளையும் நெட்டாக நிற்குமாறு இருபுறமும் அணைத்துப் பிடிக்க வேண்டும். இரும்பு கண்ணாடியை நேரே தொட்டால் அவ்விடத்தில் விசை குவியுமாதலின், இடையே மென்மையான அணை ஒன்றை வைப்பர். இரண்டாவதாக, இடையிடையே குறுக்குப் பிணைப்புகளை அமைத்துப் பிடிப்பற்ற நீளத்தைக் குறைக்கலாம்; நீளம் குறையக் குறைய எல்லை உயரும். மூன்றாவதாக, சாயத் துடிக்கும் மேல்விளிம்பையே கூரைத் தகடுகளோடு சிலிக்கோன் பசையால் நெடுகிலும் ஒட்டிவிடலாம். கூரைத் தகடுகள் தம் தளத்தில் எளிதில் அசையாதவை. அவற்றோடு பிணைந்த விளிம்பு பக்கத்தில் ஓடாது. தாங்கப்படும் கூரையே தன்னைத் தாங்கும் உத்தரத்திற்குத் துணையாகின்றது.

இம்மூன்றாம் முறையிலும் விழிப்பு வேண்டும். பெருங்காற்று வீசும்போது கூரை கீழ்நோக்கி அழுந்துவதேயன்றி, மேல்நோக்கி உறிஞ்சப்படுதலும் உண்டு. அப்போது உத்தரம் மேல்நோக்கி வளையும், நெருக்குண்பது கீழ்விளிம்பாகும். மேல்விளிம்பைப் பிணைத்த பொறியாளர் கீழ்விளிம்பை மறந்தாராயின், காற்று அதனை நினைவூட்டும். சுமை எவ்விடத்தில் ஏறுகின்றது என்பதும் கருதத் தக்கது. உத்தரத்தின் உச்சியில் தடையின்றி அமரும் சுமை, அது சிறிது சாய்ந்தவுடன் தானும் சாய்ந்து, மேலும் தள்ளும். அடியில் தொங்கும் சுமையோ சாய்ந்த உத்தரத்தை மீண்டும் நிமிர்த்தவே முயலும். தலைமேல் வைத்த குடத்திற்கும் கையில் தொங்கும் வாளிக்கும் உள்ள வேறுபாடு இது.

இவ்வளவு காவல்களுக்குப் பின்னும், கண்ணாடியை நம்பித் துயில்வார் இலர். மரம் முறியுமுன் நெறுநெறுவென்று ஒலிக்கும். எஃகு தொய்ந்து காட்டும். கண்ணாடி ஓர் அறிகுறியும் காட்டாது. ஆலையில் தப்பிய சிறு நிக்கல் சல்பைடுத் துகள் ஒன்று பதப்படுத்திய தகட்டினுள் இருந்தால், பல்லாண்டு கழித்தும் அது பருத்துத் தகட்டை உடைத்தல் கூடும். அத்தகைய தகடுகளை முன்னரே கண்டு நீக்குவதற்காக, அவற்றை 250 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் பல மணி நேரம் வைத்துச் சோதிப்பர். குறையுள்ளவை அங்கேயே உடைந்துவிடும். ஆயினும் பொறியாளர், தகடு உடையாது என்று நம்பி அல்ல, உடையும் என்று எண்ணியே உத்தரத்தை அமைக்கின்றனர். மூன்று அடுக்குகளில் ஒன்று உடைந்தால் எஞ்சிய இரண்டும் சாயாமல் நிற்குமா? முழு உத்தரமே பழுதுபட்டால், மக்கள் வெளியேறும் வரை கூரை அண்டையிலுள்ள உத்தரங்களின்மேல் தங்குமா? இவ்வினாக்களுக்கு விடை தாளில் மட்டும் கிடைப்பதன்று. எனவே, முழு அளவில் உத்தரம் செய்து, சுமை ஏற்றி, வேண்டுமென்றே ஓர் அடுக்கைச் சம்மட்டியால் உடைத்து, எஞ்சியவை நிற்பதைக் கண்ணாரக் கண்டபின்னரே கட்டடத்திற் பொருத்துதல் உண்டு.

இவ்வாறு எழுந்த கட்டடங்கள் சிலவற்றை எடுத்துக் காட்டலாம். இங்கிலாந்தின் கிங்ஸ்வின்போர்டு என்னும் ஊரில், பிராட்பீல்டு இல்லக் கண்ணாடிக் காட்சியகத்திற்கு 1994 ஆம் ஆண்டு ஒரு முன்மண்டபம் கட்டினர். ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 5.7 மீட்டர் அகலமும் உள்ள அம்மண்டபத்தில் சுவர், கூரை, தூண், உத்தரம் ஆகிய யாவும் கண்ணாடியே. தச்சர் ஒரு மரத்தின் முனையை மற்றொரு மரத்தின் துளையிற் செருகி இணைப்பது போல, தூணின் அடுக்குகளும் உத்தரத்தின் அடுக்குகளும் ஒன்றினுள் ஒன்று செருகி இணைக்கப்பட்டன. அதன் பொறியாளர் டிம் மக்பார்லேன் என்பவர். அக்காட்சியகம் 2015 ஆம் ஆண்டு மூடப்பட்டது. எனினும் கண்ணாடி சுமக்கவும் வல்லது என்பதை உலகிற்குக் காட்டிய பெருமை அம்மண்டபத்திற்கு உண்டு.

நிலநடுக்கம் மிகுந்த நாடு ஜப்பான். அந்நாட்டுத் தோக்கியோ நகரில் 1996 ஆம் ஆண்டு, சுரங்க இரயில் நிலைய வாயிலொன்றின்மேல் 10.6 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பந்தல் ஒன்றை அமைத்தனர். அதன் ஒரு முனை மட்டுமே தாங்கப்பட்டுள்ளது. மறுமுனை வெளியில் நீட்டி நிற்கின்றது. பல சிறு கண்ணாடித் தகடுகளை மரையாணிகளாற் கோத்து அதன் உத்தரங்களைச் செய்தனர். நிலம் நடுங்கிக் கண்ணாடி உடைந்தாலும் பந்தல் வீழாதிருக்குமாறு, இடையிடையே அக்ரிலிக்குத் தகடுகளையும் சேர்த்தனர்.

அமெரிக்க நாட்டு நியூயார்க்கு நகரின் ஐந்தாம் அவென்யூவில், நிலத்தடியில் உள்ள ஒரு கடைக்கு வாயிலாக, பக்கம் 32 அடி உள்ள கண்ணாடிக் கனசதுரம் ஒன்று 2006 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முதலில் அதற்கு 90 தகடுகள் வேண்டியிருந்தன. 2011 ஆம் ஆண்டு அதனைப் புதுப்பித்தபோது 15 பெருந்தகடுகளே போதுமானவையாயின. ஐந்தாண்டுக் காலத்தில் இக்கலை எத்துணை வளர்ந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

இம்மண்டபங்களின்கீழ் நடப்பவர் அண்ணாந்து நோக்கினால் வானையே காண்பர். தமக்கும் வானுக்கும் இடையே சுமை தாங்கி நிற்கும் பொருள் ஒன்று உண்டு என்பதையும் மறந்துவிடுவர். அவர் அங்ஙனம் மறந்து நடத்தற்கு உரியவர். அவர் மறப்பதற்காகப் பொறியாளர் ஒருவர் மறவாது இருத்தல் வேண்டும். வலிமை மிகுந்துவிட்டது என்ற அளவில் அமைதியுறாமல், அவ்வலிமை நேர்நிற்குமா என்றும், நேர்நில்லாதபோது அதனை அணைத்துப் பிடிப்பது எது என்றும், பிடித்ததும் தவறினால் மக்களைக் காப்பது எது என்றும் அவர் அடுத்தடுத்து வினவுகின்றார். பதப்படுத்துதலால் வலிமை வந்தது. நிலைபேறோ தடிப்பாலும், பிணைப்பாலும், அண்டை உறுப்புகளின் துணையாலும் வந்தது. தனித்து நின்றபோது சாய்ந்த கண்ணாடி, சேர்ந்து நின்றபோது கூரையைத் தாங்கிற்று. வலிமை பெற முயல்வார் நிலைபேற்றையும் உடன் தேடிக்கொள்ளுதல் வேண்டும் என்பது கண்ணாடி உத்தரம் கற்பிக்கும் பாடமாகும்.

வினாக்கள்

1. பளிங்கு மாளிகையிற் பயன்பட்ட கண்ணாடிக்கும் இக்காலக் கண்ணாடி உத்தரத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பதப்படுத்துதல் கண்ணாடியின் வலிமையை மிகுவிப்பது எங்ஙனம்? அது நிலைபேற்றை மிகுவிக்காதது ஏன்?
3. உத்தரம் பக்கஞ்சாயும்போது முறுகுவதற்குக் காரணம் யாது? அட்டைக் கீற்றுச் சோதனையைச் செய்து பார்த்து, கண்டதை ஒரு பத்தியில் எழுதுக.
4. உத்தரத்தின் தடிப்பை மும்மடங்காக்கினால் அதன் நிலைபேறு எத்தனை மடங்காகும்?
5. "உடையும் என்று எண்ணியே உத்தரத்தை அமைக்கின்றனர்." இக்கூற்றை விளக்குக.